டு-லெட் பலகைக்குக் கீழே ஒரு கேள்வி



சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்கள் எல்லாருக்கும் மூன்று கேள்விகள் மனப்பாடம். டு-லெட் பலகையைப் பார்த்ததும் கதவைத் தட்டுகிறோம். "வாடகை எவ்வளவுங்க?" என்கிறோம். "அட்வான்ஸ் எவ்வளவு?" என்கிறோம். அதற்குப் பிறகு, சமையலறைக் குழாயை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, "தண்ணி எப்படிங்க?" என்று கேட்கிறோம்.

முதல் இரண்டுக்கும் பதில் எண்ணாக வந்துவிடும். மூன்றாவதற்கு வருவது கதை. "மெட்ரோ வாட்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும்", "போர் இருக்கு, கொஞ்சம் உப்பு", "மே மாசம் மட்டும் லாரி சொல்லணும், ஆளுக்கு இவ்வளவுன்னு பிரிச்சுக்குவோம்." இதே கேள்வியை நவம்பரில் கேட்டால் பொருளே மாறிவிடும். மே மாதத்தில் கேட்பவருக்குத் தண்ணீர் வருமா என்பது கவலை. நவம்பரில் கேட்பவருக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வருமா என்பது கவலை.

இன்றைக்கு எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பில் இரண்டு பெரிய சொற்றொடர்கள் இருக்கின்றன: கட்டுப்படியாகும் வீடு, நீடித்த வளர்ச்சி. அரசின் கோப்புகளில் இவை இரண்டும் வேறு வேறு துறைகளில் கிடக்கின்றன. ஒன்றை வீட்டுவசதித் துறை பார்க்கிறது, மற்றொன்றைச் சுற்றுச்சூழல் துறை பார்க்கிறது. ஆனால் "தண்ணி எப்படிங்க?" என்று கேட்கும் குடித்தனக்காரர் இரண்டையும் சேர்த்தே கேட்கிறார். அந்த வீட்டில் தன்னால் காலம் தள்ள முடியுமா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். நானும் இன்று இரண்டையும் சேர்த்தே பேசப் போகிறேன். சென்னையில் வீட்டின் விலையைக் கணக்கிடும்போது தண்ணீரின் வழியையும் வேலைக்குப் போகும் வழியையும் விட்டுவிட்டுக் கணக்குப் போடுகிறோம். அப்படி விட்டுப்போன தொகையைத்தான் ஏழைகளும் நடுத்தர வர்க்கமும் வாழ்நாள் முழுவதும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதலில் அட்வான்ஸ். இந்த ஊரின் வழக்கம் பத்து மாத வாடகை. மாதம் 12,000 ரூபாய் வாடகை என்றால் சாவியைக் கையில் வாங்குவதற்கு முன்பே 1,20,000 ரூபாய் எண்ணி வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் வாடகைதாரர், வீட்டு உரிமையாளர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்று அது சொல்கிறது. கூடவே, இருவரும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் என்று ஒரு வாசகமும் இருக்கிறது. வீடு கிடைக்காமல் நாலு தெரு சுற்றிவிட்டு வந்து நிற்பவர் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுப்பார்? அந்த ஒரு வாசகத்தின் வழியாகப் பத்து மாத வழக்கம் உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொண்டது. முன்பணத்துக்காக நகையை அடகு வைப்பவர்களையும் மாத வட்டிக்கு வாங்குபவர்களையும் எனக்குத் தெரியும். அந்த வட்டியும் வாடகைதான், ரசீதில் வராத வாடகை.

இனி, வாங்குவதைப் பார்ப்போம். ஒரு குடும்பத்தில் இருவர் உழைத்து மாதம் 25,000 ரூபாய் கொண்டுவருகிறார்கள் என்று வையுங்கள். வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை வீட்டுக்கென ஒதுக்கினால் 8,300 ரூபாய். 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுத் தவணைக்கு இந்தத் தொகையில் ஏறக்குறைய 9 லட்சம் ரூபாய்தான் கடன் கிடைக்கும். சென்னையில் ஒரு வீட்டுக்காக 40 லட்சம் கடன் வாங்கினால் மாதத் தவணை 36,000 ரூபாய். 20 ஆண்டு முடியும்போது கட்டிய தொகை 86 லட்சத்தைத் தாண்டியிருக்கும். அந்தத் தவணையை மூன்றில் ஒரு பங்கு வருமானத்தில் கட்ட வேண்டுமென்றால் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சம்பாதிக்க வேண்டும். மனையோ பழைய வீடோ வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. இதற்கு வங்கி பொதுவாகக் கடன் தருவதில்லை, கையிலிருந்துதான் போட வேண்டும்.

9 லட்சத்துக்கும் 40 லட்சத்துக்கும் நடுவே இருக்கிறது சென்னையின் வீட்டுப் பிரச்சினை. அந்த இடைவெளி எதனால் வந்தது? சிமெண்ட் மூட்டை நகரத்தின் நடுவே மண்டைவெளியிலும் ஓரத்தில் பெரும்பாக்கத்திலும் ஏறக்குறைய ஒரே விலைதான். கம்பியும் அப்படித்தான், கொத்தனார் கூலியும் அப்படித்தான். மாறுவது மண் மட்டுமே. பத்திரத்தில் 'பிரிக்கப்படாத மனைப் பங்கு' என்று ஒரு வரி வருகிறதே, அடுக்குமாடியில் வீடு வாங்குபவர் உண்மையில் விலை கொடுப்பது பெரும்பாலும் அதற்குத்தான். ஆகவே மலிவான வீடு வேண்டும் என்று சொன்னால், அரசுக்கும் சரி பில்டருக்கும் சரி, மலிவான மண் எங்கே இருக்கிறது என்பதே அடுத்த கேள்வியாகிறது.

மலிவான மண் எங்கே இருக்கும்? தண்ணீர் நிற்கிற இடத்தில் இருக்கும்.

இது இன்று நேற்றுத் தொடங்கியது இல்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த ஏரியை வெள்ளைக்காரர்கள் நீள ஏரி என்றே அழைத்தார்கள். 1920-களில் அதன் மாம்பலம் பகுதியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ சாலை இருக்கிறது, நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் சாலை இருக்கிறது. பார்க்க ஏரியும் இல்லை, நிற்கக் கரையும் இல்லை, பெயர்கள் மட்டும் நிற்கின்றன. பிற்பாடு வீட்டுவசதி வாரியம் உருவாக்கிய குடியிருப்புகளில் சிலவற்றுக்கு 'ஏரித் திட்டம்' என்றே பெயர். முகப்பேர் ஏரித் திட்டம் என்று முகவரியில் எழுதிக் கடிதம் போட்டவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். அந்த வாரியம் 1961 முதல் நடுத்தரக் குடும்பங்களுக்குச் செய்திருக்கும் நன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அண்ணா நகரைப் போல ஓர் ஊரை இன்று யாராலும் உருவாக்க முடியவில்லை. ஆனால் ஏரி என்பது சும்மா கிடக்கும் நிலம் என்ற நினைப்பு நம் நிர்வாகத்துக்குள் ஆழமாக இறங்கிவிட்டது. புறம்போக்கு என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். விளைச்சலுக்கும் வரிக்கும் புறத்தே ஒதுக்கி, ஊர்ப் பொதுவுக்கென்று விட்ட நிலம் அது. வரி தராத நிலம் பயனற்ற நிலம் என்று வருவாய்க் கணக்கு நமக்குக் கற்பித்துவிட்டது.

தெற்கே பள்ளிக்கரணைக்கு வருகிறேன். 1960-களில் அந்தச் சதுப்பு சுமார் 5,000 ஹெக்டேர் பரந்திருந்தது என்று மதிப்பிடுகிறார்கள். தென்சென்னையின் ஏரிகள் பல, மழைக்காலத்தில் ஒன்று நிறைந்து மற்றொன்றுக்கு வழிந்து, கடைசியில் அங்கேதான் வந்து சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், கோவளம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கும் போகும். சதுப்பில் ஒரு பகுதி குப்பைக் கிடங்காயிற்று. ஒரு பகுதியில் சாலைகளும் ரயில் பாதையும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் அரசு நிறுவனங்களும் எழுந்தன. 2022-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது கணக்கில் வந்தது 1,247 ஹெக்டேர். சதுப்பின் தண்ணீர் மொத்தமும் வெளியேற ஒக்கியம் மடுவுதான் வாசல். அந்த வாசலை ஒட்டித்தான் 2000-ஆம் ஆண்டுவாக்கில் கண்ணகி நகர் கட்டப்பட்டது.

கண்ணகி நகரைப் பற்றிச் சொல்வதற்கு முன் முப்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். தொடக்கத்தில் நாம் நன்றாகவே தொடங்கினோம் என்பதை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1970-ல் கலைஞர் ஆட்சியில் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. 1971-ல் அதற்கான சட்டம் வந்தது. குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது அதற்குப் பக்கத்திலேயே, மாடி வீடு கட்டித் தருவது அன்றைய வழி. கடற்கரை ஓரம் நொச்சிக்குப்பத்திலும் புளியந்தோப்பிலும் அப்படி எழுந்த கட்டடங்களை நகரத்தார் இன்றும் 'போர்டு வீடு' என்கிறார்கள். அவை சின்ன வீடுகள்தான், பராமரிப்பும் மோசம்தான். ஆனாலும் மீன் விற்பவர் கடலுக்கு எதிரே இருந்தார். மூட்டை சுமப்பவர் சந்தைக்குப் பக்கத்தில் இருந்தார்.

1977-ல் உலக வங்கிக் கடனுடன் சென்னை நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் வந்தது. அது வேறொரு வழியைக் காட்டியது. முழு வீட்டை அரசு கட்டித் தர வேண்டாம். சிறு மனைகளைப் பிரித்து, சாலை, குடிநீர், கழிவுநீர் இணைப்பு எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தால் போதும், மேலே மக்களே கட்டிக்கொள்வார்கள் என்றார்கள். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் இப்படி மனைகள் பிரிக்கப்பட்டன. அடுத்த கட்டங்களில் முகப்பேர் போன்ற பகுதிகளும் சேர்ந்தன. மனைகளில் பெரும்பகுதி மிகச் சிறியவை, ஏழைகளுக்கானவை. நடுவே பெரிய மனைகளும் கடை மனைகளும் இருந்தன. அவற்றைச் சந்தை விலைக்கு விற்று, வந்த பணத்தில் சிறு மனைகளின் விலையைத் தாங்கினார்கள்.

இந்தத் திட்டத்தை அந்தக் காலத்தில் பலர் தோல்வி என்று எழுதிவைத்தார்கள். மனைகள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தன, ஏழைகள் விற்றுவிட்டுப் போவார்கள் என்ற பேச்சும் இருந்தது. இருபது ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் திரும்பிப் போய்ப் பார்த்தபோது அங்கே உயிரோட்டமான பேட்டைகள் இருந்தன. ஓரறையாகத் தொடங்கிய வீடு, மகனுக்குக் கல்யாணமானபோது ஒரு மாடி ஏறியிருந்தது. இன்னொரு மாடி வாடகைக்குப் போயிருந்தது. ஒரே தெருவில் பல வருமானக்காரர்கள் இருந்தார்கள். அரசு வெட்டிய தெரு அகலம் அப்படியே இருந்தது, கழிவுநீர்க் குழாய் வேலை செய்தது. வீடு என்பது ஒரே நாளில் திறப்பு விழா நடத்தி முடிக்கிற பொருளல்ல என்பதை நகரத் திட்டக்காரர்கள் அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம். என் சொந்த எண்ணத்தைக் கேட்டால், சென்னையில் ஏழைகளின் வீட்டுக்காகச் செய்யப்பட்டவற்றிலேயே மிகச் சிறந்தது இதுதான். இதைத்தான் நாம் கைவிட்டோம்.

நீதிமன்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1985 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் தீர்ப்பளித்தது. பிழைப்பு இல்லாமல் உயிர்வாழும் உரிமை இல்லை, இருப்பிடத்தைப் பறித்தால் பிழைப்பைப் பறித்ததாகும் என்ற வாதத்தை அது ஏற்றது. அதே நாட்களில் சென்னைக் குடிசைவாசிகளுக்காக வழக்கறிஞர் சந்துரு, பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியானவர், தொடுத்த வழக்கிலும் தீர்ப்பு வந்தது. தமிழக அரசு குடிசைவாசிகளுக்காக எடுத்துவந்த முயற்சிகளைச் சுட்டிக்காட்டி, அந்த அக்கறை தொடரும் என்று நீதிமன்றம் நம்பியது. அந்த நம்பிக்கைக்கு நாம் என்ன பதில் செய்தோம் என்பதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

கண்ணகி நகரில் 15,656 வீடுகள். தொடக்கத்தில் கட்டியவை 200 சதுர அடியை ஒட்டியவை. செம்மஞ்சேரியில் 6,764 வீடுகள். சுனாமியில் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் சிலவற்றையும் அங்கே கொண்டுவைத்தார்கள். பிறகு பெரும்பாக்கம், எட்டு மாடிக் கட்டடங்களில் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள். ஏறத்தாழ எல்லாமே நகரத்தின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்கு. இத்தனை ஆயிரம் ஏழைக் குடும்பங்களை ஒரே மூலையில் குவித்துவைப்பது என்று யார் முடிவெடுத்தார்களோ தெரியாது. நிலம் அங்கேதான் கிடைத்தது என்பதே அலுவலகங்களில் சொல்லப்படும் காரணம்.

மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு முதல் வீட்டில் பாத்திரம், எட்டு மணிக்கு வந்து தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இரண்டாம் வீடு. கால்வாய் ஓரக் குடிசை அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது அந்த எட்டு மணியை. கண்ணகி நகரில் புது வீடு கிடைத்தது, கான்கிரீட் கூரை கிடைத்தது. ஆனால் பேருந்தில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், நெரிசலில் அதற்கும் மேல். நான்கு வீடு இரண்டாகிறது, பிறகு நின்றுபோகிறது. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானது. அது பெரிய ஆறுதல், அதை மனமாரப் பாராட்டுகிறேன். டிக்கெட்டின் விலை போயிற்று, நேரத்தின் விலை அப்படியே நிற்கிறது.

நிலத்தில் மிச்சம் பிடித்த பணத்தை அரசு வேறு வழியில் செலவழித்துக்கொண்டேதான் இருக்கிறது. கூடுதல் பேருந்து, புதுப் பள்ளி, மருத்துவமனை, காவல் நிலையம், கழிவுநீர் ஏற்றும் நிலையம், மழைக்காலம் வந்தால் படகு. இவற்றையெல்லாம் வீட்டின் விலையோடு சேர்த்து எழுதினால் மண்டைவெளியின் மண் அவ்வளவு விலை உயர்ந்ததாகத் தோன்றாது.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நடந்ததை மறக்க முடியாது. அடையாறு, கூவம் கரைகளில் இருந்தவர்கள் வெள்ளத்தின் பாதையில் இருக்கிறார்கள், அவர்கள் உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லிக் கரைகளைக் காலி செய்தார்கள். கொண்டுபோய் வைத்த இடம் பெரும்பாக்கமும் அதைச் சுற்றிய பகுதிகளும். ஆற்றங்கரையிலிருந்து எடுத்துச் சதுப்பின் விளிம்பில் வைத்தார்கள். செம்மஞ்சேரியில் ஒவ்வொரு பெருமழையிலும் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் ஏறுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம் பகுதிகளில் மக்கள் நாட்கணக்கில் மின்சாரமின்றித் தத்தளித்தார்கள். எட்டாவது மாடியில் இருப்பவருக்கு வெள்ளம் வராது என்பது உண்மை. மின்சாரம் போனால் லிஃப்ட் நிற்கும், மோட்டார் நிற்கும், குடத்தோடு எட்டு மாடி ஏற வேண்டும்.

இதே பகுதியில் நடுத்தர வர்க்கமும் இருக்கிறது. அவர்களை யாரும் லாரியில் ஏற்றிக் கொண்டுவரவில்லை, வங்கிக் கடன் கொண்டுவந்தது. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய உயரமான அடுக்குமாடிகளில் நீச்சல் குளம் இருக்கிறது, சூரிய மின்தகடு இருக்கிறது, பசுமைச் சான்றிதழ்கூட இருக்கிறது. பல இடங்களில் மெட்ரோ வாட்டர் குழாய் மட்டும் வந்து சேரவில்லை. லாரிகள்தான் சம்பை நிரப்புகின்றன. அந்தத் தண்ணீர் எங்கோ ஒரு கிராமத்துக் கிணற்றிலிருந்து உறிஞ்சி வருகிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த மாதங்களில் கணினி நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. நான்கே ஆண்டுகளில் அதே சாலை வெள்ளத்தில் மிதந்தது. வாங்கும்போது 'லேக் வியூ' என்று விளம்பரம் பார்த்தவர்கள், அந்த ஏரியின் உள்வாயில்தான் தங்கள் வண்டி நிறுத்தும் தளம் இருக்கிறது என்பதை மழைக்குப் பிறகே தெரிந்துகொண்டார்கள். வில்லங்கச் சான்றில் முப்பது ஆண்டுக் கிரயமும் அடமானமும் வரும். தண்ணீர் அந்த மண்ணில் எத்தனை தலைமுறையாக நடந்துகொண்டிருக்கிறது என்பது வராது. வர வேண்டும் என்று நான் கேட்கிறேன். பத்திரப் பதிவின்போது அந்தச் சர்வே எண் ஏரியின் நீர்ப்பரப்பிலோ வடிகால் பாதையிலோ வருகிறதா என்பதை ஒரே தாளில் அச்சிட்டு வாங்குபவர் கையில் கொடுக்க வேண்டும். வருவாய்த் துறையின் பழைய அ-பதிவேட்டிலும் கிராம வரைபடத்திலும் அந்தத் தகவல் இருக்கிறது.

இங்கே ஒரு சிறு கணக்கு. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் ஓர் ஆண்டில் விழும் தண்ணீர் சுமார் 1,30,000 லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அளவுகோலின்படி நால்வர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,97,000 லிட்டர் வேண்டும். தனி வீடாக இருந்தால் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு தலைக்கு மேலேயே விழுகிறது. 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது கிணறுகளில் தண்ணீர் ஏறியதைப் பார்த்தவர்கள் இந்தக் கணக்கை நம்புவார்கள். அதே மனையில் நான்கு அடுக்கு எழுந்தால் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் பங்கு அதன் தேவையில் ஆறில் ஒன்றாகக் குறைகிறது. எட்டு அடுக்கு என்றால் பன்னிரண்டில் ஒன்று. மிச்சத்தை யார் தருவது? ஏரி தர வேண்டும். நகரம் உயர உயர ஏரி அதிகம் தேவைப்படுகிறது. ஏரியைத் தூர்த்து அடுக்குமாடி கட்டும்போது தேவையைப் பல மடங்காக்கிவிட்டு, அதை நிரப்பும் கலத்தையே உடைக்கிறோம்.

அப்படியானால் எங்கேதான் கட்டுவது என்று கேட்பீர்கள். நகரத்துக்குள்ளேயே கட்ட வேண்டும் என்பதே என் பதில். குழாயும் பேருந்தும் பள்ளியும் ஏற்கெனவே இருக்கிற இடங்களில் கட்ட வேண்டும். 2019-ன் கட்டட விதிகள் சாதாரணக் கட்டடத்துக்கான தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவை, 1.5-லிருந்து 2 ஆக்கின. சாலை அகலத்தைப் பொறுத்து, கட்டணம் செலுத்தினால் இன்னும் கூடுதலாகவும் கட்டலாம். ஆக, ஒரே மண்ணில் அதிக வீடுகள் எழும். விலை குறைந்ததா? மனைக்காரர் தன் மனையின் விலையை ஏற்றிக்கொண்டார், அவ்வளவுதான். கூடுதல் தளத்தை அனுமதிக்கும்போதே அதில் ஒரு பங்கு குறைந்த வருமானக்காரர்களுக்கு என்று கட்டிப்போட்டிருந்தால் கதை மாறியிருக்கும்.

விதி இல்லாமலும் இல்லை. 2008-ல் வந்த இரண்டாம் பெருந்திட்டத்தின் வளர்ச்சி விதிகளில், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புத் திட்டங்களில் பத்தில் ஒரு பங்கு நிலத்தைச் சிறு வீடுகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று எழுதப்பட்டது. அதே மனையிலோ இரண்டு கிலோமீட்டருக்குள்ளோ, 45 சதுர மீட்டருக்கு மிகாத வீடுகளாகக் கட்ட வேண்டும். நல்ல விதி. ஆனால் அந்தச் சிறு வீட்டில் யார் குடியேறினார்கள் என்று பார்க்கிற வழிமுறை வலுவாக இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு வீட்டை ஒருவரே வாங்கிச் சுவரை இடித்தால் ஏழையின் பங்கு மறைந்துவிடுகிறது. பிறகு நிலத்துக்குப் பதிலாகப் பணமாகக் கட்டும் வழியும் வந்தது. பணம் எங்கே போய் வீடாகும்? மறுபடியும் மலிவான மண்ணுக்குத்தான் போகும். பணத்தை வாங்கிக்கொண்டு இடத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

எல்லாருக்கும் சொந்த வீடு என்ற கனவையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவன். எங்கள் வளவில் பல குடித்தனங்களுக்கு ஒரே கிணறு. அந்த வாழ்க்கையைப் புகழ்ந்து பேச எனக்கு விருப்பமில்லை, அம்மா பட்ட பாடு தெரியும். ஆனால் அப்பா வேலைக்கு நடந்து போனார், நான் பள்ளிக்கு நடந்து போனேன். வாடகை வீடுதான் அந்த நடையைக் கொடுத்தது. 2012-ல் மத்திய அரசு அமைத்த குழு, இந்திய நகரங்களில் 1.88 கோடி வீடுகள் பற்றாக்குறை என்றது. அதில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை ஏழைகளுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் தேவைப்படுபவை. அதற்கு முந்தைய ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ நகரங்களில் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. முதலீட்டுக்கு வாங்கிப் பூட்டி வைத்த வீடு, குழாயையும் சாலையையும் பிடித்துக்கொண்டு யாருக்கும் கூரையாகாமல் நிற்கிறது. பூட்டிய வீட்டுக்குச் சொத்துவரியை உயர்த்துவதையும், வாடகைக்கு விட்டால் குறைப்பதையும் மாநகராட்சி யோசிக்கலாம். வாடகைக் குடியிருப்பை அரசே கட்டவும் முடியும் என்பதற்கு அண்மைச் சான்று இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியை அரசு நிறுவனமான சிப்காட் 2024 ஆகஸ்டில் திறந்தது. வேலையிடத்துக்கு அருகே, வாடகைக்கு. தொழிற்சாலைக்குச் செய்ததை நகரத்துக்குச் செய்ய முடியாதா? துப்புரவுத் தொழிலாளர், செவிலியர், ஓட்டுநர், வீட்டுவேலை செய்பவர் ஆகியோருக்குப் பேருந்துப் பணிமனைகளின் மேலும் மெட்ரோ நிலையங்களை ஒட்டியும் வாடகை வீடு கட்ட முடியாதா?

இப்போது மூன்றாம் பெருந்திட்டம் தயாராகிக்கொண்டிருக்கிறது. 2027 முதல் 2046 வரைக்குமானது. பெருநகரத்தின் எல்லையும் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்திருக்கிறது. விரிந்த எல்லைக்குள் வருபவை திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் ஏரிகள். முதலில் தண்ணீர் வரைபடம், அதன் மேல்தான் சாலையும் மனையும் என்று இந்த முறையாவது தொடங்க வேண்டும். தொடங்காவிட்டால் பள்ளிக்கரணையில் நடந்தது நூறு ஏரிகளில் நடக்கும்.

கடைசியாக ஒன்று. 1970-களில் கட்டிய போர்டு வீடுகள் இப்போது இடிந்துகொண்டிருக்கின்றன. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட ஒரு கட்டடம் சரிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்துக் குடியிருந்தவர்கள் முன்னதாகவே வெளியேறியதால் உயிர்கள் பிழைத்தன. இத்தகைய பழைய கட்டடங்களை இடித்து அதே இடத்தில் சுமார் 400 சதுர அடி வீடுகளாகக் கட்டித் தரும் வேலை நடக்கிறது. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அதே குடிசை மாற்று வாரியம்தான் செய்கிறது. பழைய வழிக்குத் திரும்புகிறோம் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் கட்டி முடியும்வரை அந்தக் குடும்பங்கள் எங்கே இருக்கும்? அதற்குத் தரப்படும் கருணைத் தொகை 8,000 ரூபாயாக இருந்தது, பிறகு 24,000 ஆனது. ஒரு குடும்பத்துக்கு, மொத்தமாக. கட்டடம் முடிய ஒன்றரை ஆண்டு என்று வைத்தால் மாதத்துக்கு 1,333 ரூபாய். இந்தப் பணத்துக்கு மண்டைவெளியிலோ புளியந்தோப்பிலோ ஓர் அறைகூடக் கிடைக்காது, பத்து மாத அட்வான்ஸுக்கோ வழியே இல்லை. ஆகவே நகரத்தின் ஓரத்துக்குப் போகிறார்கள். பிள்ளையின் பள்ளி மாறுகிறது. வேலை செய்த வீடுகளில் வேறு ஆள் வந்துவிடுகிறார். திரும்பி வரும் நேரத்தில் பயனாளி பங்குத்தொகை என்று இன்னொரு பெரிய தொகை காத்திருக்கிறது.

கருணைத் தொகைக்குப் பதிலாக அந்த வார்டின் உண்மையான வாடகையை மாதந்தோறும் கொடுக்கலாம். முன்பணத்தை வாரியமே வீட்டுக்காரரிடம் கட்டிவிட்டு, காலி செய்யும்போது தானே திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, ஓர் அரசாணை போதும். உங்கள் வார்டில் இடிக்கப்படவிருக்கும் போர்டு கட்டடம் ஏதாவது இருந்தால், அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்கு அந்த வீட்டுக்காரர்களோடு நீங்களும் போய் உட்காருங்கள்.